போலியும் மயங்கொலியும்: தமிழ் மின்னுரைத் தேடலில் நிகரெழுத்துச் சிக்கல்

முன்னுரை

பாட்டு முதற்குறிப்பகராதியும் சொல்லடைவும் தமிழாய்வாளர்க்கு நெடுநாள் பழகிய கருவிகள். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவைக் கையாளாத சங்க இலக்கிய ஆய்வாளரை ஒரு தலைமுறைக் காலம் காண்பது அரிதாக இருந்தது. அவ்விடத்தை இன்று கணினித் தேடல் பிடித்துக்கொண்டுள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும் அதன்பின் தோன்றிய பல மின்தொகுப்புகளும் மூல நூல்களை மேசைக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டன. ஒரு சொல் எங்கெங்கே பயில்கிறது என்ற வினாவுக்கு இமைப்பொழுதில் விடை வருகிறது.

இம்மாற்றத்தில் ஒன்றை நாம் கவனிக்கத் தவறினோம். சொல்லடைவைத் தொகுத்தவர் எவ்வெவ் வடிவங்களை ஒரு சொல்லாகக் கொண்டார், எவற்றைத் தனித்தனியே பிரித்தார் என்பதை அவரது முன்னுரை கூறும். கூறாவிடினும் அடுத்தடுத்த பதிவுகளைப் பார்வையிட்டுத் தெரிந்துகொள்ளலாம். தேடற்பெட்டிக்கு முன்னுரை இல்லை. எந்த எழுத்தை எந்த எழுத்தோடு நிகராகக் கொள்வது, எந்தக் குறியைப் பொருட்படுத்தாமல் விடுவது என்ற முடிவுகளை யாரோ ஒரு மென்பொருளாளர் எடுத்திருப்பார். அவர் தமிழறிந்தவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முடிவு எதுவாயினும் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ் இலக்கணம் ‘போலி’ என்று வகுத்ததும் பள்ளி ஆசிரியர்கள் ‘மயங்கொலி’ என்று கற்பிப்பதும் முற்றிலும் வேறானவை. தேடற்கருவிகள் இவ்வேறுபாட்டை அறியாமல், ஒன்றில் தேவைக்குக் குறைவாகவும் மற்றொன்றில் தேவைக்கு மிகையாகவும் நிகர்மை காண்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஔவையைத் தேடியபோது

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் வரைவை என்னிடம் தந்தார். இந்நாட்டுத் தமிழ்க் கட்டுரைகள் அடங்கிய ஒரு மின்தொகுப்பில் ஔவையாரைப் பற்றிய குறிப்புகள் மிகச் சிலவே என்றும், இது நீதி இலக்கிய நாட்டம் குன்றியதைக் காட்டுகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். அத்தொகுப்பின் கட்டுரைகள் சிலவற்றை அச்சில் படித்திருந்ததால் எனக்கு ஐயம் எழுந்தது. அதே பெயரை வேறு வகையில் தட்டச்சுச் செய்து தேடினேன். மாணவர் கண்டவற்றினும் பன்மடங்கு இடங்கள் கிடைத்தன. நீதி இலக்கிய நாட்டம் குன்றவில்லை; குன்றியது ஓர் எழுத்தின் குறிமுறையே.

‘ஔவையார்’ என்னும் பெயரின் முதலெழுத்தைக் கணினியில் மூன்று வகையாக இடலாம். ஔகாரத்திற்கென ஒருங்குறியில் ஒதுக்கப்பட்டுள்ள தனிக் குறியெண்ணை இடுவது ஒன்று. ஒகரத்தை இட்டு, அதன்பின் ஔகாரக் குறிக்கெனத் தனியே உள்ள கூறினைச் சேர்ப்பது மற்றொன்று. ஒகரத்தை இட்டு ளகர மெய்யெழுத்தின் அகரமேறிய வடிவத்தை அடுத்து இடுவது மூன்றாவது. திரையில் இம்மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். அச்சில் வேறுபாடு காண்பது கடினம். கணினிக்கோ இவை மூன்று வெவ்வேறு எண்தொடர்கள்.

முதலிரண்டும் ஒன்றே என்பதை ஒருங்குறித் தரமே அறிவித்துள்ளது. தமிழைப் பொறுத்தவரை இவ்வாறு முழு நிகர் என்று அறிவிக்கப்பட்டவை நான்கே: ஔகார உயிரெழுத்து, ஒகர உயிர்மெய்க் குறி, ஓகார உயிர்மெய்க் குறி, ஔகார உயிர்மெய்க் குறி. ‘கொ’ என்பதிலுள்ள குறியை ஒரே அலகாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு அலகுகளாகவும் இடலாம். தேடலுக்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதை ‘இயல்பாக்கம்’ என்பர். இதனைச் செய்யாத கருவி தமிழ்த் தேடற்கருவி என்று அழைக்கப்படும் தகுதியற்றது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லையாதலால் மேலும் விரித்துரைக்கவில்லை.

மூன்றாவதுதான் தொல்லை. தரத்தின்படி அது ஔகாரமன்று. ஒகரமும் ளகரமும் ஆகிய இரண்டு எழுத்துகள். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்குத் தனி விசை தேடாமல் ளகரத்தையே இட்டுப் பழகினோம். அவ்வாறு உள்ளிட்ட உரைகள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டபோது பிழையும் சேர்ந்தே மாறியது. ‘கௌரவம்’, ‘பௌதிகம்’, ‘வௌவால்’, ‘மௌனம்’ ஆகிய சொற்கள் பல மின்னுரைகளில் கொம்பும் ளகரமுமாகவே கிடக்கின்றன. படிப்பவர் கண்ணுக்குக் குற்றமில்லை. தேடுபவர்க்கு அச்சொல் அங்கே இல்லை.

இதனை இயந்திரம் திருத்த இயலாதா எனின், இயலும். கொம்பையடுத்து வரும் ளகரம் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ பெற்றிருப்பின் அது ளகரமே: தெளிவு, நெளிவு, கெளுத்தி, வெள்ளம். குறியேதும் பெறாமல் நிற்பின் அது பெரும்பாலும் ஔகாரக் குறியே. தமிழறிந்த ஒருவர் ஒரு பிற்பகலில் வகுத்துவிடக்கூடிய விதி இது. எனினும் பெரும்பாலான கருவிகளில் இது இல்லை; ஏனெனில் தரம் இதனைக் கூறவில்லை. தரம் கூறாததைத் தமிழாசிரியர் கூறியிருக்க வேண்டும். நாமும் கூறவில்லை.

இவ்வகையில் அடங்கும் பிறவற்றையும் சுட்டுவது நலம். சகரத்திற்கு இனமான ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்து 2005ஆம் ஆண்டு ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அதன்பின் ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை ‘ஸ்’ கொண்டும் ‘ஶ்’ கொண்டும் எழுத முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். ஆயின் இரண்டும் நிகரென்று தரத்தில் அறிவிப்பில்லை. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைப் பற்றியோ சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலைப் பற்றியோ தேடுபவர் இரண்டு முறை தேடவேண்டியவராகிறார். ‘க்ஷ’ என்னும் எழுத்தின் நடுவே சில விசைப்பலகைகள் இடும் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி இன்னொன்று. தமிழ் எண் ஏழும் எகரமும், எண் எட்டும் அகரமும், எண் ஒன்றும் ககரமும் வடிவில் மயங்குவதால் பழைய நூல்களின் பக்க எண்களும் செய்யுள் எண்களும் எழுத்துகளாகப் பதிவாகியிருப்பது பிறிதொன்று.

இவற்றுக்கு மாறான ஒரு நற்காட்சியும் உண்டு. 1978ஆம் ஆண்டு தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தால் ‘லை’, ‘னா’, ‘றோ’ முதலியவற்றின் பழைய வடிவங்கள் மாறின. ஒருங்குறி இவ்விரு வடிவங்களுக்கும் ஒரே குறியெண்களைக் கொண்டது. வடிவத்தை எழுத்துருவின் பொறுப்பில் விட்டது. ஆகையால் பழைய வடிவில் காட்டப்படும் உரையிலும் புதிய வடிவில் காட்டப்படும் உரையிலும் ஒரே தேடல் செல்கிறது. வரிவடிவம் வேறு, எழுத்து வேறு என்னும் உணர்வு குறிமுறையிலேயே அமைந்துவிட்டால் தேடலுக்குச் சுமையில்லை.

குறி நீக்கம் என்னும் குறுக்குவழி

இனி, எதிர்த்திசைப் பிழைக்கு வருவோம். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் எழுத்தின் மேலும் கீழும் ஒலிக்குறிகள் இடப்படுகின்றன. தேடுபவர் அக்குறிகளைத் தட்டச்சுச் செய்வது அரிது. ஆதலின் குறியுள்ள எழுத்தையும் குறியில்லா எழுத்தையும் ஒன்றாகக் கொண்டு தேடுவது பயனுள்ள ஏற்பாடு. அதற்கு மென்பொருளாளர்கள் கையாளும் எளிய வழி: எழுத்தையும் குறியையும் பிரித்து, ‘இடங்கொள்ளாக் குறி’ என்று ஒருங்குறியில் வகைப்படுத்தப்பட்டவை அனைத்தையும் அழித்துவிடுவது. பிரெஞ்சுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். சுவீடிய மொழிக்கே பொருந்தாது. அந்நெடுங்கணக்கின் இறுதி மூன்று எழுத்துகள் வளையமும் புள்ளிகளும் பெற்றவை, அவை தனியெழுத்துகளாகவே கருதப்படுபவை.

தமிழில் இவ்வழியைக் கையாண்டால் நேர்வதைக் காண்க. நம் உயிர்மெய்க் குறிகளில் கால், கொம்பு, இகரக் குறி, உகர ஊகாரக் குறிகள் யாவும் ஒருங்குறியில் ‘இடங்கொள்ளும் குறி’ என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஈகாரக் குறியும் புள்ளியும் மட்டும் ‘இடங்கொள்ளாக் குறி’ வகையில் உள்ளன. எனவே குறி நீக்கத்தில் இவ்விரண்டுமே அழியும், ஏனையவை நிற்கும். ‘வீடு’ என்பது ‘வடு’ ஆகிறது. ‘விடு’ என்பதோ அப்படியே இருக்கிறது. ‘கீரை’யைத் தேடினால் ‘கரை’ வருகிறது. ‘நீரை’ ‘நரை’யாகிறது. ‘மீன்’, ‘மன்’, ‘மன’ ஆகிய மூன்றும் ‘மன’ என்ற ஒரே தொடராகின்றன. வீடுபேறு பற்றித் தேடிய ஒருவர்க்குப் புறநானூற்று வீரரின் வடுக்கள் கிடைக்குமாயின் அவர் சிரித்துக்கொண்டு போகலாம். அகராதியைத் தேடும் மாணவன் அவ்வாறு போக இயலாது.

இப்பிழை எளிதில் வெளிப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. தேடப்படும் சொல்லையும் மூல உரையையும் கருவி ஒரே வகையில் சிதைக்கிறது. ஆகவே தேடிய சொல் கிடைத்தே தீரும். வேண்டாதனவும் உடன் வரும். கருவி வேலை செய்கிறது என்றே சோதித்தவர் எண்ணுவார். எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர் ஏமாறுவார்.

குற்றம் தரத்தின்மேல் இல்லை என்பதையும் கூறவேண்டும். ஒருங்குறி வகுத்துள்ள வரிசைப்படுத்தும் நெறிமுறையில் நிலைகள் உண்டு. எழுத்துக்கு முதல் நிலை, ஒலிக்குறிக்கு இரண்டாம் நிலை, பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற வேறுபாட்டுக்கு மூன்றாம் நிலை. ஒலிக்குறியைப் பொருட்படுத்தாத் தேடல் என்பது முதல் நிலையை மட்டும் ஒப்பிடுவதாகும். அந்நெறிமுறையில் தமிழ் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் முதல் நிலை மதிப்பே தரப்பட்டுள்ளது. அதாவது, ஈகாரக் குறி பிரெஞ்சு எழுத்தின் மேற்குறி போன்றதன்று, அது உயிர் என்பதைத் தரம் அறிந்துள்ளது. குறுக்குவழியே அறியவில்லை.

இங்கு ஓர் ஒப்புமை தோன்றுகிறது. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடவில்லை. ரகரமும் காலும் ஒன்றே. ‘எரி’யா ‘ஏரி’யா, ‘கொடு’வா ‘கோடு’வா என்பதைப் படிப்பவரே துணிய வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டியதும், சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்ததும் இம்மயக்கத்தைத் தீர்த்த உழைப்பேயாம். அவ்வுழைப்பின் பயனாகிய புள்ளியை ஒரு நிரல்வரி அழித்துவிடுகிறது. ஏடு எழுதியவர் புள்ளியை விட்டாலும் படித்தவர் யாப்பையும் உரையையும் துணைக்கொண்டு அதனை மனத்தில் இட்டுக்கொண்டார். கணினிக்கு அத்தகைய மனம் இல்லை. எந்த எழுத்தாளரும் ஈகாரக் குறியை விட்டதாகவும் நாம் அறியோம்.

குறியை விடுவது தன்னளவில் தவறு என்பதும் என் கருத்தன்று. மலாய் மொழியில் போரைக் குறிக்கும் சொல்லும் செம்பழுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லும் முதல் உயிரின் ஒலியில் வேறுபடுபவை. 1972ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பொது எழுத்துமுறை அவ்விரு ஒலிகளுக்கும் ஒரே எழுத்தைக் கொண்டது. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். ஆனால் அது மொழிக்குரியோர் கூடி ஆராய்ந்து எடுத்த முடிவு.

உரோமன் எழுத்துப் பட்டியல்கள்

நம் பல்கலைக்கழக நூலகங்களில் தமிழ் நூல்களின் பதிவுகள் நெடுங்காலமாக உரோமன் எழுத்தில் இருந்துவருகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கையாண்ட முறையை ஒட்டிய ஒலிபெயர்ப்பு அது. நெடிலுக்கு மேற்கோடு, ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, ழகர றகர னகரங்களுக்குக் கீழ்க்கோடு என்று அமையும். ஒவ்வொரு தமிழெழுத்தையும் ஐயமின்றி மீட்டுக்கொள்ள உதவும் சீரிய முறை.

தேடலின்போது அக்குறிகள் நீக்கப்படுகின்றன. அப்போது எஞ்சுவதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு உயிர்கள் ஏழாகின்றன. பதினெட்டு மெய்கள் பத்தாகின்றன. மெல்லினம் ஆறனுள் மகரம் ஒன்றே தப்புகிறது. ங, ஞ, ண, ந, ன ஆகிய ஐந்தும் ஆங்கில ‘என்’ எழுத்தில் ஒடுங்குகின்றன. லகர ளகர ழகரங்கள் ஒன்று. ரகர றகரங்கள் ஒன்று. டகர தகரங்கள் ஒன்று. இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்கள் எழுபதாகச் சுருங்குகின்றன. ‘கே, ஏ, எல், ஏ, எம்’ என்று உள்ளிட்டால் கலம், களம், காலம், காளம், கலாம் ஆகிய ஐந்தும் ஒருங்கே வரும். களவழி பற்றிய நூலைத் தேடுபவர் கால ஆராய்ச்சி நூல்களைப் புரட்ட வேண்டும்.

இவ்வளவு விலை கொடுத்தும் பயன் கிட்டுகிறதா எனின், அதுவும் ஐயமே. மலேசிய எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவின் நூல்களைத் தேடும் ஒருவர் அப்பெயரை இந்நாட்டு வழக்கப்படி ‘டி’யோடு ‘எச்’ சேர்த்தும், ‘ஜி’ இட்டும், ‘எஸ்’ இட்டும் எழுதுவார். ஒலிபெயர்ப்பு முறையிலோ தகரம் இரட்டை ‘டி’, ககரம் ‘கே’, சகரம் ‘சி’. குறிகளை முற்றும் நீக்கினாலும் இரண்டும் பொருந்தா. தேடுபவர்க்கு உண்மையில் இடையூறாக இருப்பது மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் அல்ல. வழக்கெழுத்துக்கும் ஒலிபெயர்ப்புக்கும் உள்ள இடைவெளியே. நோயொன்றிருக்க மருந்து வேறொன்றுக்குத் தரப்பட்டுள்ளது. தமிழெழுத்திலேயே பதிவைச் சேர்த்து, பெயருக்கு வழக்கிலுள்ள உரோமன் வடிவங்களையும் உடன் இணைத்துவிடுவதே நேர்வழி. நூலகத்தார் இதனை அறியாதவரல்லர். தமிழ்ப் பதிவுகளுக்கு அந்நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

போலி

நிகரெழுத்து என்னும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோரெழுத்து வந்து பொருள் மாறாதிருப்பதைப் போலி என்றனர். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி எனப் பாகுபாடும் செய்தனர். மஞ்சு மைஞ்சு, அரசு அரைசு, அறம் அறன், பந்தல் பந்தர் என்பன வகுப்பறை எடுத்துக்காட்டுகள். அகரத்தோடு யகரம் சேர்ந்து ஐகாரம் போலவும், அகரத்தோடு வகரம் சேர்ந்து ஔகாரம் போலவும் ஒலிப்பதை இலக்கண நூல்கள் கூறியுள்ளன. மேலே கண்ட ஔவையாரை ‘அவ்வையார்’ என்றெழுதுவது இவ்வழியில் வந்ததே. ஐயா அய்யா, ஐந்து அய்ந்து என்பனவும் அவ்வாறே. இவற்றுள் பின்னவை சீர்திருத்த நாட்டமுடையோர் எழுத்தில் மிகுதியும் பயில்பவை. ஆகவே ஐகார வடிவை மட்டும் தேடுபவர், தாம் அறியாமலே ஓர் இயக்கத்தாரின் எழுத்துகளை விலக்கிவிடுகிறார். சமூக வரலாறு எழுதுபவர்க்கு இது சிறு பிழையன்று.

போலியை அப்படியே தேடற்கருவிக்குள் புகுத்திவிடலாமா? இலக்கண நூலார் இங்குக் காட்டிய எச்சரிக்கையே நமக்கு வழிகாட்டி. மகர ஈற்று அஃறிணைப் பெயர்களில் னகரத்தோடு மயங்கி நடப்பன உள என்றே நன்னூல் கூறுகிறது. எல்லாம் அவ்வாறு நடக்கும் என்று கூறவில்லை. நிலம் நிலன் ஒன்று. கடம் வேறு, கடன் வேறு. பந்தலும் பந்தரும் ஒன்று. அவலும் அவரும் ஒன்றல்ல. யகரத்துக்கு முன் அகரமும் ஐகாரமும் ஒக்கும் என்ற விதியால் மயலும் மையலும் ஒன்றாகின்றன. ஆனால் வயமும் வையமும் வேறுவேறு சொற்களாகவே நிற்கின்றன.

ஆகவே போலி எழுத்தளவில் அமைவதன்று. இடமும் சொல்லும் நோக்கி அமைவது. லகரத்துக்கு ரகரம் நிகர் என்று ஓர் எழுத்து அட்டவணையை இயந்திரத்துக்குக் கொடுத்தால் அவல் தேடியவர்க்கு அவர் அனைவரும் வந்து நிற்பர். கொடுக்க வேண்டியது சொற்பட்டியல். அப்பட்டியலுக்குரிய பொருள் பேரகராதியிலும் சொல்லடைவுகளிலும் ஏற்கெனவே சிதறிக் கிடக்கிறது. தொகுப்பதற்குக் கணினியறிஞர் வேண்டியதில்லை. இலக்கணமும் அகராதியும் பயின்ற ஒருவரே வேண்டும். நம் துறைகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் பயிற்சியேடுகளில் ஒன்றிரண்டேனும் இப்பணிக்குத் திரும்பியிருக்கலாம்.

இக்கால வழக்கிலும் போலிக்கு நிகரான இணைகள் உள. பவளம் பவழம், உளுந்து உழுந்து, கோயில் கோவில் ஆகியன அகராதிகள் ஏற்றவை. இந்நாடுகளின் இடப்பெயர்களில் அவை இன்னும் மிகுதி. ஜொகூர் என்று குறிலாக எழுதுவாரும் ஜோகூர் என்று நெடிலாக எழுதுவாரும் உளர். மலேசியா, மலேஷியா, பினாங்கு, பெனாங், லட்சுமி, லக்ஷ்மி, இலக்குமி. ஜொகூரைத் தேடும்போது ஜோகூரும் வரவேண்டும். அதற்காக ஒகரத்தையும் ஓகாரத்தையும் எங்கும் நிகராக்கினால் கொடுமையும் கோடும் கூடிவிடும். இங்கும் தீர்வு சொல்லளவிலேயே உள்ளது.

மயங்கொலி

லகர ளகர ழகரம், ரகர றகரம், ணகர நகர னகரம் ஆகியவற்றை மயங்கொலி என்று கற்பிக்கிறோம். மாணவர் மயங்குவதால் அப்பெயர். எழுத்துகள் தம்முள் மயங்குவதால் அன்று. இவற்றை ஒன்றாகக் கொண்டு விடை தரும் அகராதித் தேடல்கள் இப்போது பெருகியுள்ளன. ‘பிழையாக உள்ளிட்டாலும் சரியான சொல் கிடைக்கும்’ என்று அவை பெருமையாக அறிவிக்கின்றன. ‘பல்லி’ என்று உள்ளிட்ட மாணவனுக்குப் ‘பள்ளி’யின் பொருளும் கிடைக்கிறது. அவன் மகிழ்கிறான். தான் எழுதியது வேறு சொல் என்பதை அவன் அறிவதில்லை.

இவ்வசதியைப் பாராட்டும் ஆசிரியர்களிடம் எனக்கு முரண்பாடு உண்டு. தமிழ் வீட்டுமொழியாக இல்லாத சூழலில் வளரும் பிள்ளைக்கு அகராதி கதவை அடைத்துவிடக் கூடாது என்பது அவர்தம் வாதம். சிங்கப்பூரில் அதற்கு வலிமை மிகுதி. கதவைத் திறப்பதை நான் மறுக்கவில்லை. வாயிலைக் கடந்ததே தெரியாமல் கடக்கச் செய்வதைத்தான் மறுக்கிறேன். ‘அரம்’ என்று உள்ளிட்டவனுக்கு முதலில் அரத்தின் பொருளைத் தருக. அதன் கீழே, தனி வரியில், றகரம் வேறெழுத்து என்பது தெரியுமாறு, ‘அறம்’ என்னும் சொல்லையும் தேடினாயா என்று வினவுக. இதனால் மாணவன் இழப்பது ஒரு விசையழுத்தம். பெறுவது ஒரு பாடம். ஆய்வுக்கான தொகுப்புகளிலோ இவ்வசதி தானாக இயங்கவே கூடாது. மனம் பற்றிய ஆய்வில் மணம் வந்து கலக்குமாயின் எண்ணிக்கைகளுக்கு என்ன மதிப்பு?

போலியை அறியாத கருவி உள்ளதை இல்லையென்கிறது. மயங்கொலியை நிகராக்கும் கருவி இல்லாததை உளதென்கிறது. வியப்பு யாதெனின், ஒரே கருவி இரண்டையும் செய்வதுதான். ஐயாவையும் அய்யாவையும் வேறு சொற்களாகக் கொள்ளும் அதே தேடற்பெட்டி, வாலையும் வாளையும் ஒன்றாகக் கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

குறிமுறையை மாற்றினால் தீருமா?

இச்சிக்கல்கள் எல்லாம் ஒருங்குறியில் தமிழுக்கு நேர்ந்த அமைப்பின் விளைவே என்றும், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் தந்தால் தீர்ந்துவிடும் என்றும் கூறுவோர் உளர். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இந்தியக் குறிமுறையாகிய இஸ்கியை அடியொற்றி அமைந்தது உண்மையே. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழிணைய மாநாடு முதல் இவ்விவாதம் இம்மண்ணுக்கும் உரியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அனைத்தெழுத்துக் குறிமுறையாகிய டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது.

அனைத்தெழுத்துக் குறிமுறையில் ஈகாரக் குறி தனியே இராது, ஆகவே அழியாது. ‘கொ’ இரு வகையாக எழுதப்படாது. இவ்வளவும் ஏற்கத்தக்க நன்மைகளே. ஆனால் ஐயாவும் அய்யாவும் அங்கும் வேறுவேறு எண்தொடர்கள்தாம். பவளமும் பவழமும் அங்கும் ஒன்றாகா. கொம்பும் ளகரமுமாக உள்ளிடப்பட்ட பழைய உரையை எவரேனும் திருத்தாதவரை ஔவையார் அங்கும் அகப்படமாட்டார். குறிமுறை பற்றி நடந்த விவாதத்தின் ஒரு பகுதியேனும் நிகர்மை பற்றி நடந்திருப்பின், இலக்கணம் கற்றவர்க்கு அதில் பேச இடம் இருந்திருக்கும். குறிமுறையைப் பொறியாளர்க்குரியதென்று விட்டுவிட்டு நாம் ஒதுங்கினோம்.

ஆய்வேட்டில் ‘இல்லை’

உருபேற்ற சொற்களும் புணர்ந்த சொற்களும் தேடலில் அகப்படாமை இதனினும் பெரிய சிக்கல். ‘மரம்’ என்று தேடுபவர்க்கு ‘மரத்தை’ கிடைக்காது என்பதை யாவரும் அறிவர். அறிந்திருப்பதால் அதற்கேற்ப எச்சரிக்கையோடு நடந்துகொள்கிறோம். எழுத்து நிகர்மையில் அவ்வெச்சரிக்கை இல்லை. ஏனெனில் திரையில் காணும் எழுத்தும் தேடும் எழுத்தும் ஒன்றெனவே கண் கூறுகிறது.

ஆகையால் தேடலை ஆதாரமாகக் கொண்டு எண்ணிக்கை கூறும் ஆய்வேடுகளில், தேடிய சொல்லை எவ்வெவ் வடிவங்களில் உள்ளிட்டனர், கருவி எவற்றை நிகராகக் கொண்டது என்பதை எழுதுமாறு மேற்பார்வையாளர்கள் கேட்கவேண்டும். கருவியின் விதிகள் வெளியிடப்படாதபோது சோதித்து அறியலாம். வீடு, வடு என்ற இணையை உள்ளிட்டால் குறி நீக்கம் வெளிப்படும். ஐயா, அய்யா என்ற இணை போலியைக் காட்டும். வால், வாள் என்ற இணை மயங்கொலியைக் காட்டும். ஔவையாரை மூன்று வகையாக உள்ளிட்டால் ஏனையவை புலப்படும். பத்து நிமிடப் பணி.

மேற்சொன்ன மாணவர் தம் இயலைத் திருத்தி எழுதினார். நீதி இலக்கிய நாட்டம் குன்றியது என்னும் முடிவு நீங்கியது. அவ்விடத்தில், பெயரை நான்கு வடிவங்களில் உள்ளிட்டுத் தேடியதாகவும், ஒவ்வொன்றிலும் கிடைத்த இடங்கள் இவை என்பதாகவும் ஓர் அட்டவணை சேர்ந்தது. நான்காவது வடிவம் ‘அவ்வை’. அவ்வடிவை எழுதியோர் யாவர், எக்காலத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோது அவருக்கு வேறொரு வினா பிறந்தது. அடுத்த இயல் அதைப் பற்றியதாயிற்று.